உவமை பொருளாயிற்று: சிலப்பதிகாரப் பாலையும் இன்றைய புவி வெப்பமும்

தமிழ் அகப்பாடல்களுள் பெரும்பகுதியைத் தன்னகத்தே கொண்டது பாலைத் திணை. அகநானூற்றின் 400 பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைக்கு உரியன. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய 100 பாடல்களும், கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் 35 பாடல்களும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கன. இத்துணைச் செல்வாக்குப் பெற்ற திணைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் வகுத்தாரில்லை. காடு, மலை, வயல், கடல் என்னும் நான்கினையும் நான்கு திணைகளுக்குப் பகிர்ந்தளித்த அவர், நடுவண் நின்ற பாலைக்குப் பொழுதை மட்டுமே வழங்கினார். வேனிற் பருவமும் நண்பகலும் அதன் பொழுதுகள், பின்பனியும் உரித்தென்பர். எனவே பாலை என்பது ஓர் இடத்தின் பெயரன்று; எந்த இடத்திற்கும் நேரக்கூடிய ஒரு நிலையின் பெயர்.

அதன் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடும் பொருட்டு வீட்டையும் ஊரையும் விட்டுப் புறப்படுபவனின் மனப்போராட்டமே பாலைப் பாட்டின் உயிர்நிலை. அரசுப் பணி, வங்கிப் பணி, ஆலைப் பணி என ஏதோ ஒன்றை நாடித் தமிழகத்தை விட்டு வந்து, தலைநகரிலே இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்து வரும் நமக்கு இத்திணை அயலானதன்று. நம் குடும்ப வரலாறுகளை ஐந்திணையுள் ஒன்றில் அடக்கச் சொன்னால், பலரும் பாலையையே சுட்டுவோம். ஆகவே பாலையைப் பற்றி இளங்கோவடிகள் கூறிய ஓர் உவமையை, உலகு வெப்பமடைந்து வரும் இந்நாளில் மீண்டும் ஒருமுறை ஆராய்வது நம் மலருக்குப் பொருந்தும் எனக் கருதுகிறேன்.

சிலம்பு காட்டும் பாலை

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், காடுகாண் காதையில் வருவது அந்த உவமை. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரை நீங்கி மதுரை நோக்கி நடக்கின்றனர். வழியில் மாங்காட்டு மறையோன் ஒருவனைக் காண்கின்றனர். மதுரைக்குச் செல்லும் நெறி யாது எனக் கோவலன் வினவ, வேனிற் காலத்தில் மெல்லியலாளொடு இவ்வழி புகுந்தீரே என இரங்கியவாறு அவன் விடை பகர்கின்றான். அவன் சொல்லும் செய்தி இது: அரசனும் அவனுக்குத் தொழில் செய்வோரும் ஒருசேர முறை தவறிய நாடு எவ்வாறு சீர்குலையுமோ, அவ்வாறே வேனிலும் வெங்கதிரும் கூடிக் காய்வதால் முல்லையும் குறிஞ்சியும் தம் நல்லியல்பை இழந்து, பாலை என்னும் வடிவத்தை மேற்கொள்கின்றன.

இவ்வுவமையின் உறுப்புகளைப் பிரித்து நோக்குவோம். கதிரவன் வேந்தனாகிறான். வேனில் அவனுடைய தொழிலாளன் ஆகிறது. காடும் மலையும் குடிமக்களாகின்றன. தொல்காப்பியர் நிலமில்லை என்று விட்ட பாலைக்கு, நிலம் எவ்வாறு கிடைக்கிறது என்னும் விளக்கத்தை இளங்கோ இங்கே தருகிறார். நல்ல நிலமே கெட்டுப் பாலை ஆகிறது; பாலை நிலமெனத் தனியே ஒன்று இல்லை. இலக்கணத்தில் இருந்த இடைவெளியைக் காப்பியம் நிரப்பிய அழகு இது.

மற்றொன்றும் கருதத்தக்கது. கோவலன் போய்க்கொண்டிருப்பது எந்த நகருக்கு? கோல் கோடப் போகின்ற மதுரைக்கு. அங்கே அரசவைப் பொற்கொல்லன் ஒருவனின் பொய்யுரையும், ஆராயாது ஆணையிட்ட அரசனின் வாய்மொழியும் சேர்ந்துதான் கோவலனைக் கொல்கின்றன. தொழில் செய்வோனும் அரசனும் ஒருசேர முறை தவறுவது என்னும் உவமை, சில காதைகள் கடந்தபின் கதையின் நிகழ்ச்சியாகவே வந்து நிற்கிறது. அதன்பின் நகர் எரிகிறது. பாலையின் வெம்மைக்கு உவமையாக வந்த கொடுங்கோன்மை, மதுரையின் தீக்குக் காரணமாக முடிகிறது. இளங்கோ இவ்வுவமையை அழகுக்காக மட்டும் பெய்திலர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

‘அன்றே கூறினர்’ என்னும் கூற்று

இத்தகைய பகுதிகளை எடுத்துக்கொண்டு, புவி வெப்பத்தை நம் முன்னோர் அன்றே கூறிவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். இப்பெருமிதம் கேட்பதற்கு இனிது. ஆயினும் உண்மைக்கும் இலக்கியத்துக்கும் ஒருங்கே ஊறு செய்வது. இளங்கோ பேசியது ஆண்டுதோறும் வந்து போகின்ற வேனிலைப் பற்றி. அவர் காலத்து மனிதர் வானத்தின் வெப்பத்தை மாற்றும் ஆற்றல் பெற்றிருக்கவில்லை. அவ்வாறு பெறுவர் என அவர் சொல்லவும் இல்லை. சொல்லாததைச் சொன்னதாக ஏற்றி உரைத்தால், அவர் சொன்னதன் நுட்பம் மறைந்துபோகும்.

கொடுங்கோன்மைக்கும் மழையின்மைக்கும் உள்ள தொடர்பை வள்ளுவரும் கூறியுள்ளார். மன்னவன் முறை தவறினால் மழை பொய்க்கும் என்னும் கருத்துத் திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரத்தில் வருகிறது. அதனை அறத்தின் விளைவு எனக் கொண்டு போற்றுவோர் ஒருபுறம். அக்கால நம்பிக்கை என்று ஒதுக்குவோர் மறுபுறம். இவ்விரு சாராரும் நோக்காத வேறுபாடு ஒன்று உண்டு. வள்ளுவர் அதனைக் காரண காரியமாகக் கூறினார். இளங்கோ உவமையாகக் கூறினார். உவமையில் இரு பொருள்கள் அருகருகே நிற்கும். ஒன்று மற்றொன்றை உண்டாக்குவதில்லை. காடு கருகுவது கதிரவனால். நாடு கெடுவது அரசனால். இரண்டும் தம்முள் ஒத்திருக்கின்றன என்பதே காடுகாண் காதையின் கூற்று.

நம் காலத்தில் நிகழ்ந்திருப்பது இதுவே: அவ்வுவமையில் அருகருகே நின்ற இரண்டும் ஒன்றாகிவிட்டன. மனிதர் முறை தவறுவதாலேயே காடு கருகுகிறது. உவமை பொருளாயிற்று. முன்னோர் இதனை முன்னறிந்தனர் என்பதன்று என் கருத்து. அவர்கள் உவமை என்ற அளவில் நிறுத்திய ஒன்றை நாம் நிகழ்ச்சியாக ஆக்கியுள்ளோம் என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

புகையின் கணக்கு

மனிதச் செயல் வானத்தின் வெப்பத்தை எவ்வாறு கூட்டும் என்னும் ஐயம் எழலாம். அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

கதிரவன் ஒளி காற்று மண்டலத்தை ஊடுருவி நிலத்தைச் சுடுகிறது. சுட்ட நிலம் அவ்வெப்பத்தை மீண்டும் வானை நோக்கி வெளியிடுகிறது. காற்றிலுள்ள நீராவி, கரியமில வாயு, மீத்தேன் முதலியன அவ்வெப்பத்தின் ஒரு பகுதியை உறிஞ்சிக் கீழே திருப்புகின்றன. பனிக்காலத்தில் நாம் போர்த்தும் கம்பளி, புதிதாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலின் வெப்பம் விரைந்து வெளியேறாமல் காக்கிறது. அதுபோன்றதே இவ்வாயுக்களின் வேலை. இவை அறவே இல்லையாயின் புவியின் சராசரி வெப்பம் உறைநிலைக்கும் 18 பாகை கீழே சென்றுவிடும். ஆகவே கரியமில வாயு இயல்பிலே பகையன்று. அளவு மிகுந்ததே துன்பம்.

இவ்வறிவு புதியதன்று. 1859-இல் ஜான் டிண்டால் என்னும் அறிஞர், எந்தெந்த வாயு வெப்பத்தை உறிஞ்சும் என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். 1896-இல் சுவீடன் நாட்டு ஸ்வான்டே அர்ரீனியஸ், கரியமில வாயு இருமடங்கானால் புவி எத்துணை பாகை சூடேறும் எனக் கையாலேயே கணக்கிட்டார். 1938-இல் நீராவிப் பொறியாளர் கய் காலண்டர், உலகின் பல இடங்களில் பதிவான வெப்ப அளவுகளைத் தொகுத்து, ஏற்றம் தொடங்கிவிட்டது என எழுதினார். 1958-இல் சார்லஸ் கீலிங், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது காற்றை நாள்தோறும் அளக்கத் தொடங்கினார். அன்று காற்றின் பத்து இலட்சம் பங்கில் கரியமில வாயு ஏறத்தாழ 315 பங்கு. தொழிற்புரட்சிக்கு முன் அது 280 அளவில் இருந்தது என்பதைப் பனிப்பாறைகளுள் சிறைப்பட்ட பழங்காற்று காட்டுகிறது. இன்று 420-ஐயும் கடந்துவிட்டது.

இக்கூடுதல் எங்கிருந்து வந்தது? நிலக்கரியும் பெட்ரோலியமும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உயிர்களின் எச்சம். உயிருள்ள மரத்தில் கதிரியக்கமுடைய ஒருவகைக் கரியணு சிறிதளவு இருக்கும்; நெடுங்காலம் மண்ணுள் கிடந்த நிலக்கரியிலோ அது முற்றும் சிதைந்து போயிருக்கும். காற்றிலும் அவ்வணுவின் விகிதம் குறைந்து வந்திருப்பதை, மரங்களை ஆராய்ந்து 1955-இல் ஹான்ஸ் சூஸ் கண்டார். பழைய கரி எரிந்து காற்றில் கலந்ததற்கு அஃது ஓர் அடையாளம். திருட்டுப் பொருளின்மேல் உரியவன் குறி இருப்பது போன்றது இது.

‘வெம்மை மிகுந்தது கதிரவனால் அன்றோ?’ என வழக்காடுவோரும் உண்டு. கதிரவன் காரணமாயின் காற்று மண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒருங்கே சூடேற வேண்டும். கீழடுக்கு சூடேறி வர, மேலடுக்கோ குளிர்ந்து வருகிறது. போர்வை தடித்தால் உள்ளே வெப்பம் மிகும்; வெளியே குறையும் அன்றோ? மேலும், 1970-களின் இறுதி முதல் செயற்கைக் கோள்கள் கதிரவனின் ஆற்றலை அளந்து வருகின்றன. அதில் இவ்வெப்ப ஏற்றத்தை விளக்கும் உயர்வு காணப்படவில்லை. இளங்கோவின் உவமையில் குற்றவாளியாக நின்ற வெங்கதிர் வேந்தன், இவ்வழக்கில் விடுதலை பெறுகிறான். 2021-இல் வெளிவந்த பன்னாட்டு அறிவியலாளர் குழுவின் அறிக்கை, வெப்ப ஏற்றத்திற்கு மனிதச் செயலே காரணம் என்பதில் ஐயமில்லை எனத் தீர்ப்பளித்தது.

அளவுகளையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ. அது எரிந்து உண்டாக்கும் கரியமில வாயுவின் எடை ஏறத்தாழ 2.3 கிலோ. எரியும்போது கரி, காற்றிலுள்ள உயிர்வளியைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது. நிலக்கரியால் ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்கினால் ஏறத்தாழ ஒரு கிலோ வாயு வெளிப்படும். ஓர் அறையின் குளிர்சாதனம் ஓர் இரவு ஓடினால் எட்டு, பத்து யூனிட் செலவாகும். அத்தனை கிலோ புகை ஏதோ ஓர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியில் நம் பெயரால் ஏறுகிறது. இவ்வாறு உலக மக்கள் அனைவரும் சேர்ந்து எரிபொருள்களால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியிடுகின்றனர். காடழிப்பு அதற்கு மேலும் சேர்க்கிறது. இவற்றுள் ஏறத்தாழப் பாதியைக் கடலும் மரஞ்செடிகளும் ஏற்றுக்கொள்கின்றன. எஞ்சியது காற்றில் தங்குகிறது.

முதற்பொருள் திரிந்தது

அகத்திணைக்கு நிலமும் பொழுதும் முதற்பொருள். அவ்விரண்டும் இன்று எவ்வாறு திரிந்துள்ளன என நோக்குவோம்.

இளங்கோ முல்லை, குறிஞ்சி என்னும் இரண்டையே பாலையாகத் திரியும் நிலங்களாகக் கூறினார். வயலும் கடலும் வேனிலில் வாடினும் தம் இயல்பை முற்றும் இழப்பதில்லை என அவர் கருதியிருக்கக்கூடும். இன்றைய வெப்பம் நான்கு நிலங்களையும் தீண்டுகிறது. முல்லையாகிய காடு வெட்டுண்டு, தான் சேமித்த கரியைக் காற்றில் இழக்கிறது. குறிஞ்சிக்குச் சான்றாக, கங்கையின் பிறப்பிடமாகிய கங்கோத்ரிப் பனியாறு ஆண்டுதோறும் பின்வாங்கி வருகிறது. மருதமோ துன்புறுவதோடு துன்பத்திற்குத் துணையும் போகிறது. நீர் தேங்கிய நெல்வயல்களிலிருந்து மீத்தேன் எழுகிறது. நெய்தலைச் சொல்லவே வேண்டா: புவியில் சேர்ந்த கூடுதல் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலே ஏற்றுக்கொண்டுள்ளது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது.

பொழுதும் திரிந்துவிட்டது. பாலைக்கு உரிய சிறுபொழுது நண்பகல். இரவு, வழிப்போக்கனுக்கும் விலங்குக்கும் ஆறுதல் தரும் பொழுது. இன்று உலகின் பெரும்பகுதியில் இரவின் வெப்பமும் ஏறி வருகிறது. தில்லி போன்ற பெருநகரில் இதற்கு இரு காரணங்கள் உள. ஒன்று, உலகு தழுவிய வெப்ப ஏற்றம். மற்றொன்று, பகலெல்லாம் வெயிலைக் குடித்த கற்காரைச் சுவர்களும் தார்ச்சாலைகளும், அறைகளின் வெப்பத்தைத் தெருவில் தள்ளும் குளிர்சாதனங்களும் உண்டாக்கும் நகர வெம்மை. இரண்டையும் ஒன்றெனக் குழப்புதல் கூடாது. ஆயினும் இரண்டும் ஒரே உடலின்மீதுதான் இறங்குகின்றன. 2024-ஆம் ஆண்டு, அளவுகள் பதிவான காலத்தில் உலகின் மிக வெப்பமான ஆண்டாக அமைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சராசரியினும் அவ்வாண்டு ஏறத்தாழ 1.55 பாகை செல்சியஸ் மிகுதி.

இவ்வெப்பம் மழையின்மையை மட்டும் தருவதன்று என்பதையும் நினைவிற் கொள்க. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கும். ஆதலின் பெய்தால் கொட்டித் தீர்ப்பதும், பெய்யாவிடின் நீண்டு வறள்வதும் மிகுகின்றன. மழை பொய்ப்பது மட்டுமே வானின் சினம் எனக் கருதிய பழங்காலத்தினின்று இதுவும் வேறுபாடே.

மீளாத வேனில்

பாலைப் பாடல்களைப் படிப்போர்க்கு ஓர் ஆறுதல் எப்போதும் உண்டு. பாலையை அடுத்து முல்லை வரும். வேனில் கழியும்; கார் தொடங்கும்; பிரிந்தவன் தேரேறி வருவான். நப்பூதனாரின் முல்லைப்பாட்டு முழுவதும் இம்மீட்சியின் நம்பிக்கையால் நெய்யப்பட்டது. பாலையின் துயரம் இலக்கியச் சுவையாவதற்கு அடிப்படைக் காரணம், அது முடிவுள்ள துயரம் என்பதே. மறையோன் வேனிலைக் கொடுங்கோலுக்கு ஒப்பிட்டாலும், அவ்வேனில் சில திங்களிற் போய்விடும் என்பதைக் கேட்போர் அறிவர்.

இன்றைய வெப்பத்தை இந்த அமைப்புக்குள் அடக்குதல் இயலாது. மீத்தேன் காற்றில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கும். கரியமில வாயுவின் நிலை வேறு. இன்று எரித்த கரியின் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் காற்றில் நிற்கும். நம் பாட்டனார் காலத்து நீராவி இரயில் கக்கிய புகையின் எச்சம் இன்றும் நம் தலைக்கு மேல் உள்ளது. நாம் இன்று விடுவது, நம் பெயரையும் அறியாத வழித்தோன்றல்களுக்குப் போர்வையாகும். இந்த வேனிலைக் கழுவிச் செல்லும் கார்ப்பருவம் எதுவும் இல்லை. எரிப்பதை நிறுத்தினால் மேலும் ஏறாது நிற்கும். ஏறியது விரைவில் இறங்காது.

இங்கேதான் பழைய உவமை நம் கையில் முறிந்து போகிறது. ‘வெயில் என்றும் இருந்தது; மழை வந்தால் தீரும்’ எனப் பெரியோர் சொல்லும் ஆறுதல், பாலைப் பாட்டில் உண்மை; இன்றைய வானத்தின் கீழ் அன்று. நம் இலக்கியப் பயிற்சியே இத்தகைய ஆறுதலை நமக்குள் ஊன்றியிருக்கிறது. திறனாய்வாளன் அதனைச் சுட்டிக்காட்டுதல் இலக்கியத்தைக் குறைகூறுவது ஆகாது. எந்த எல்லை வரையில் அது நமக்கு வழிகாட்டும் என அளந்து சொல்வதாகும்.

வேந்தன் யார், தொழிலாளர் யார்?

கதிரவன் குற்றமற்றவன் என்றால், உவமையின் வேந்தன் இருக்கையில் யாரை அமர்த்துவது? உலக மக்கள் அனைவரையும் ஒரே அளவாகக் குற்றம் சாட்டுவது நேர்மையன்று. தொழிற்புரட்சி தொடங்கி இதுவரை எரிபொருளால் வெளியான கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு நான்கை எட்டவில்லை. இன்றும் சராசரி அமெரிக்கர் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன் வெளியிட, சராசரி இந்தியர் வெளியிடுவது ஏறத்தாழ 2 டன். பழைய செல்வர்கள் உண்ட விருந்தின் விலையை ஏழைகள் தலையில் சுமத்துவதை நம் நாடு உலக அரங்குகளில் எதிர்த்து வந்திருப்பது முறையே.

ஆயினும் இவ்வாதத்தைச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட இயலாது. நம் நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியால் ஆவது. 2024-25 நிதியாண்டில் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைக் கடந்தது. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம் தொடர்வண்டி, நாகபுரியைக் கடந்து பல்லார்ஷா, ராமகுண்டம் வழியே ஓடுகிறது. நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் நிறைந்த பகுதி அது. மே மாதத்து நண்பகலில் நாட்டின் கடுவெயில் காயும் பகுதியும் அதுவே. பழந்தமிழ்த் தலைவன் பொருள் தேடிச் சென்ற வழி பாலையாக இருந்தது. நாம் பொருள் தேடிச் சென்று வரும் வழியிலோ, பாலையை உண்டாக்கும் உலைகளே நிற்கின்றன.

மேலும் ‘சராசரி இந்தியர்’ என்பவர் யார்? குளிர்சாதனமும் சிற்றுந்தும் உடைய வீட்டார் நூற்றுக்குச் சிலரே. நம் குடியிருப்புகளில் அவை இரண்டும் இல்லாத வீடு இன்று அருகி வருகிறது. சராசரியின் நிழலில் நாம் ஒதுங்கி நிற்க, அந்நிழலைத் தருபவர் சுமை தூக்குவோரும் சித்தாளும் மிதிவண்டி ரிக்ஷாக்காரரும். நண்பகலில் வெயிலில் நடப்பவரும் அவர்களே. பழம்பாட்டில் பொருளின் பயனை நுகரப்போகிறவனே பாலையைக் கடந்தான். இன்று பொருளின் பயன் ஒருவர்க்கும் பாலையின் வெம்மை வேறொருவர்க்கும் என்று பங்கிடப்பட்டுள்ளது. இதனைவிடக் கோல் கோடுதல் வேறு யாது?

இளங்கோவின் சொல்லாட்சியை இங்கே மீண்டும் நோக்குக. அரசன் மட்டும் முறை தவறினான் என அவர் பாடவில்லை; கோத்தொழிலாளரையும் சேர்த்தே கூறினார். அரசனுக்குத் தொழில் செய்வோர் என்பது அதன் பொருள். தலைநகர்த் தமிழருள் கணிசமானோர் அரசுப் பணியாளர். கோப்பில் குறிப்பெழுதுவோரும், மதிப்பீடு தயாரிப்போரும், ஒப்பந்தப்புள்ளியின் விதிகளை வரைவோரும் நம்முள் உளர். ‘மேலிடத்து ஆணை, நாம் என் செய்வது’ என்பது நம் வழக்கமான மறுமொழி. சிலம்பின் உவமை அம்மறுமொழியை ஏற்கவில்லை.

சிறிய பணியாளன் என்ன செய்துவிட இயலும் எனக் கேட்பின், சிறிய எடுத்துக்காட்டு ஒன்று கூறுவேன். நட்சத்திரக் குறி பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகை என்னும் தொடக்க நிலையிலேயே விற்பனைக்கு வரவேண்டும் என்னும் விதி 2020 சனவரி முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. ஒரு பாகை கூட்டிவைத்தால் மின்செலவு நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கு குறையும் என்பது ஆற்றல் சிக்கனத் துறையின் கணக்கு. இத்தகைய விதி எதுவும் எங்கோ ஒரு மேசையில் எவரோ எழுதிய குறிப்பாகத் தொடங்கியே ஆணையாகிறது.

நிமிர்ந்த கோல் ஒன்று

வளைந்த கோல் நிமிர்ந்ததற்கும் சான்று உண்டு. அதில் தமிழகத்தினின்று பொருள் தேடிப் பிரிந்த ஒருவருக்கும் பங்குண்டு என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர் வீரபத்திரன் ராமநாதன். செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டித் தொழிலகம் ஒன்றில் அவர் பணியாற்றினார். பெட்டிகளிலிருந்து குளிரூட்டும் வாயு கசிவதைத் தடுக்கும் வழி காண்பது அவர் வேலை. பின்னர் அமெரிக்கா சென்று காற்று மண்டலத்தை ஆராய்ந்த அவர், அதே குளோரோ புளூரோ கார்பன் வாயு வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும் ஆற்றலில் கரியமில வாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு மிகுந்தது என்பதை 1975-இல் உலகுக்கு அறிவித்தார்.

அவ்வாயு ஓசோன் படலத்தையும் அரிக்கிறது என வேறு அறிஞர்கள் முன்னரே கண்டிருந்தனர். 1987-இல் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி அதனைப் படிப்படியாக நிறுத்த உடன்பட்டன, நிறுத்தவும் செய்தன. ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது. புவி வெப்பமும் அந்த அளவுக்குத் தடுக்கப்பட்டது. மாற்றாக வந்த வாயுக்களும் வெப்பத்தைக் கூட்டுவன என்று தெரிந்தபோது, 2016-இல் கிகாலி நகரில் அவற்றையும் குறைக்க உடன்பாடு கண்டனர். இந்தியா 2021-இல் அதனை ஏற்றது. நிலக்கரியை விடுவது இதனினும் பன்மடங்கு கடினம் என்பது உண்மை. ஆயினும் அறிந்தபின் திருந்துதல் மனிதர்க்கு இயலாததன்று என்பதற்கு இது போதிய சான்று.

பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தவற்றை உணர்ந்த கணத்திலேயே உயிர் துறந்தான். அவன் உயிர் வளைந்த கோலை நிமிர்த்தியது எனச் சேரன் செங்குட்டுவன் போற்றுவதை வஞ்சிக் காண்டத்தில் காண்கிறோம். அப்பெருமையை மறுப்பாரில்லை. ஆனால் அரசன் உணர்ந்தது கோவலன் இறந்தபின். அவ்வுணர்வு நகரைத் தீயினின்று காக்கவும் இல்லை. காலம் கடந்த உணர்வு அவலச்சுவைக்கு உதவும். குடிமக்களைக் காக்க உதவாது. சிலம்பை ஒரு பெருங்காப்பியமாகப் போற்றும் நாம், அதன் இறுதியை நம் வாழ்வுக்கும் இறுதியாகக் கொள்ள வேண்டுவதில்லை.

நம் பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்புகளில் ஐந்திணையைக் கற்பிக்கிறோம். பாலைக்கு நிலம் இல்லை என்பதை இலக்கண விதியாக மனப்பாடம் செய்கின்றனர். அவ்விதியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கற்பிப்போம்: எந்த நிலமும் பாலையாகலாம், முன்பு அதனைச் செய்தது வேனில், இன்று செய்வது நாம். இளங்கோ காட்டிய உவமையின் இரு பக்கங்களையும் மீண்டும் பிரித்து வைக்கும் பணி, அரசனுக்கு மட்டும் உரியதன்று. தொழில் செய்வோருக்கும் உரியது.